பார்க்க ஆள் இருந்தால் வேகம் கூடுவது ஏன்?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்காவின் சாலைகள் அகலமானவை. ஷிப்டு மாறும் வேளையில் அவற்றில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் வரிசை கட்டிச் செல்லும். மற்ற நேரங்களில் நடமாட்டம் குறைந்துவிடும். அப்படியொரு வேளையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் அண்ணனுடைய பைக்கை எடுத்துக்கொண்டு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். தனியாக வரும்வரை நிதானமாகவே ஓட்டுகிறான். சாலையோரத்தில் நண்பர்கள் நால்வர் நிற்பதைக் காண்கிறான். ஒருவன் கையில் இருக்கும் செல்போன் இவன் பக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான்! ஆக்சிலரேட்டரை முறுக்குகிறான், முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கிறான்.

வண்டி அதே வண்டி. சாலையும் அதே சாலை. ஓட்டுபவனும் அவனேதான். மாறியது ஒன்றே ஒன்று: பார்ப்பதற்கு ஆள் வந்துவிட்டது. பார்வையாளர் வந்ததும் வேகம் ஏன் கூட வேண்டும்? மாணவ நண்பர்களே, இது வெறும் திமிர் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அறிவியல் அப்படிச் சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. அது என்ன கண்டிருக்கிறது என்று பார்ப்போம்.

எவ்வளவு பெரிய சிக்கல்?

உலகில் 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதற்காரணம் சாலை விபத்தே என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த நோயும் அந்த வயதினரிடையே இவ்வளவு உயிர்களைக் கொள்ளை கொள்வதில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். அவர்களுள் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் இறந்தவர்கள் 17,884 பேர்.

இதில் உள்ள இயற்பியல் நீங்கள் படித்ததுதான். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பைக் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். "ஐயோ" என்று நினைத்து பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடலாம். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டால், வண்டியைத் திருப்பவும் முடியாது, முன்பிரேக்கும் பயன்படாது.

பிள்ளைப்பாக்கத்துக்கு அருகில் உள்ள ஒரகடத்தில், வாகனங்களை வேண்டுமென்றே மோதவிட்டு, அவற்றின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே இயந்திரத்தைச் சோதிக்கிறார்கள். அந்த இயந்திரத்தை ஓட்டுபவனின் மனத்தைச் சோதிக்க முடியுமா? முடியும் என்று காட்டினார்கள் இரு உளவியலாளர்கள்.

விளையாட்டு வடிவில் ஒரு சோதனை

அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகிய இருவரும் 2005-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 306 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தனர். முதற்பிரிவினர் 13 முதல் 16 வயதினர். அடுத்தவர்கள் 18 முதல் 22 வயதினர். மூன்றாம் பிரிவினர் 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். எல்லாருக்கும் கணினியில் ஒரு கார் விளையாட்டு தரப்பட்டது. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் கார் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு புள்ளிகள் கிடைக்கும். ஆனால், சிவப்பு விளக்கு எந்தக் கணத்தில் எரியும் என்று தெரியாது. அப்போதும் கார் ஓடிக்கொண்டிருந்தால் மோதல்தான், புள்ளிகள் போய்விடும்.

சிலர் தனியாக விளையாடினர். மற்றவர்கள் தம் வயது நண்பர்கள் இருவர் உடனிருக்க விளையாடினர். தனியாக விளையாடியபோது மூன்று வயதினரும் எடுத்த துணிச்சல் ஏறத்தாழ ஒரே அளவுதான். இதைக் கவனியுங்கள்: விடலைப் பருவத்தினர் தனித்திருக்கையில் பெரியவர்களைவிட அறிவிலிகள் அல்லர்! நண்பர்கள் உடனிருந்தபோதோ, சிறுவர்களின் துணிச்சல் இரண்டு மடங்காயிற்று. இரண்டாம் பிரிவினரிடம் பாதியளவு கூடிற்று. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

2011-இல் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய குழுவினரும் இதைப் போன்ற விளையாட்டை ஆடுகிறவர்களின் மூளையை, காந்த அதிர்வுக் கருவியால் படம் பிடித்தனர். இம்முறை நண்பர்கள் அருகில் இல்லை; அடுத்த அறையில் அமர்ந்து திரையில் பார்த்தனர். "நண்பர்கள் பார்க்கிறார்கள்" என்று தெரிந்ததுமே 14 முதல் 18 வயதினரின் மூளையில், பரிசை எதிர்நோக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. இனிப்பைக் கண்டாலும், பாராட்டைக் கேட்டாலும் சுறுசுறுப்படைகிற பகுதிகள் அவை.

மூளையின் முன்பகுதியில், நெற்றிக்குப் பின்னால், நிதானித்து முடிவெடுக்க உதவும் பகுதி இருக்கிறது. அதனை வண்டியின் பிரேக் எனலாம். அது முழுமையாக முதிர இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும். பரிசை நாடும் பகுதியோ பூப்பெய்தும் பருவத்திலேயே வேகம் பிடித்துவிடுகிறது. எஞ்சின் முன்னே தயாராகிவிட்டது. பிரேக் இன்னும் பொருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

இது குறைபாடு அன்று. வீட்டை விட்டு வெளியே வந்து, புதியவர்களுடன் பழகி, சொந்தக் காலில் நிற்கக் கற்கும் பருவம் இது. நண்பர்களின் மதிப்பைப் பெற மனம் துடிப்பது அதற்கான தயாரிப்புத்தான். அந்தத் துடிப்பை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதே கேள்வி.

செல்போனுக்குள் ஒரு கூட்டம்

முன்பெல்லாம் நண்பர் கூட்டம் தெருமுனையில் நிற்கும். இன்று அது சட்டைப்பைக்குள்ளும் இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 13 முதல் 18 வயதுள்ள 32 பேருக்குச் சில புகைப்படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொன்றின் கீழும் அதற்குக் கிடைத்த 'லைக்' எண்ணிக்கை இருந்தது. உண்மையில் அந்த எண்களை இட்டவர்கள் ஆராய்ச்சியாளர்களே! ஆயினும், நிறைய 'லைக்' பெற்றதாகக் காட்டப்பட்ட படங்களையே சிறுவர்கள் அதிகம் விரும்பினர். ஆபத்தான செயல்களைக் காட்டும் படங்களைப் பார்க்கும்போது, மூளையில் கட்டுப்பாட்டுக்கு உதவும் பகுதிகளின் வேலை குறைந்தது. இந்த ஆய்வு 2016-இல் வெளியாயிற்று.

காட்டுவதும் மறைப்பதும்

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1961-இல் சிறு குழந்தைகள் முன் ஒருவரைப் பெரிய பொம்மை ஒன்றை அடிக்கச் செய்தார். குழந்தைகளும் அவ்வாறே அடித்தனர். பிறகு இதையே திரைப்படமாகக் காட்டியபோதும் அப்படியே நடந்தது. 1965-இல் வெளியான ஆய்வில், அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதாகக் காட்டினார். பார்த்த குழந்தைகளிடம் அடிப்பது குறைந்தது. செயலோடு அதன் விளைவையும் பார்த்தே நாம் பின்பற்றுகிறோம் என்பது இதனால் விளங்குகிறது.

இப்போது சாகச வீடியோக்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் வெற்றியும் கைதட்டலும் மட்டுமே இருக்கும். கீழே விழுந்தவனின் ஆறு மாத ஆஸ்பத்திரி வாழ்க்கையை யாரும் பதிவேற்றுவதில்லை.

பிள்ளைப்பாக்கம் பிள்ளைகளுக்குத் தொலைவில் இல்லாத ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே, காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே, 2023 செப்டம்பர் 17 அன்று யூடியூபர் டி.டி.எஃப். வாசன் ஓட்டிய பைக் முன்சக்கரம் தூக்கியபடி சென்று விபத்துக்குள்ளாயிற்று. அவருக்குக் கை எலும்பு முறிந்தது. லட்சக்கணக்கான இளைஞர்கள் அவருடைய வீடியோக்களைப் பார்த்துவந்தனர். போலீசார் அவரைக் கைது செய்தனர். அவரது ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டது. விலையுயர்ந்த பாதுகாப்பு உடை அணிந்திருந்ததால் அவர் உயிர் தப்பினார். அவரைப் பார்த்து ஓட்டும் சிறுவர்களிடம் அந்த உடை ஏது? ஜாமீன் மனு சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டபோது சுட்டிக்காட்டப்பட்டதும் இந்த வேறுபாட்டைத்தான்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கியர் உள்ள பைக்கை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவன் ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். ஓட்டிய சிறுவனுக்கு 25 வயது ஆகும்வரை உரிமம் கிடைக்காது. ஷிப்டு வேலைக்குப் போகும் அண்ணனுடைய பைக் என்றால், அகப்படுபவர் அந்த அண்ணனே!

ஒரு குரல் போதும்

அப்படியானால் நண்பர்களை விட்டு ஓடிவிட வேண்டுமா? வேண்டாம். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் நடத்திய சோதனையைக் கேளுங்கள். ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோடுகளில் அதற்குச் சமமானது எது என்று கேட்டார். சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும் கேள்வி. ஆனால், அறையில் இருந்தவர்களுள் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அனைவரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான விடை சொன்னார்கள். அந்த ஒருவர் அளித்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கூட்டத்தோடு ஒத்துப்போன தவறான விடைகளாயின.

பிறகு ஆஷ் ஒரு சிறு மாற்றம் செய்தார். கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடை சொல்ல வைத்தார். அந்த ஒரு துணை கிடைத்ததுமே தவறுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

இதுவே நமக்குத் தேவையான பாடம். சாலையோரத்தில் நின்ற நால்வரிடம் திரும்பி வருவோம். ஓட்டுபவனின் மூளை அவர்களுடைய கண்களுக்காகவே வேகம் பிடிக்கிறது. அவர்களுள் ஒருவன் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "டேய், வண்டியை நிறுத்துடா, வேண்டாம்" என்று சொன்னால் போதும். கூட்டத்தின் ஒரே குரல் அங்கே உடைந்துவிடுகிறது. மற்ற மூவரில் யாரோ ஒருவனும் அதையே மனத்துக்குள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

வண்டியில் இருப்பவனுக்கு அந்தக் கணத்தில் பிரேக் சற்றுத் தளர்ந்திருக்கிறது. சாலையோரத்தில் நிற்கும் உங்களால் அவனுக்குப் பிரேக்காக இருக்க முடியும். அடுத்த முறை உங்கள் கையில் செல்போன் இருக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.