மாற்றுச் சாவி சேரவில்லையா? குற்றம் எதில் என்று பாருங்கள்

விடியற்காலை ஐந்து மணி. பால் வண்டி வந்து நிற்கிறது. முதலாளி வெளியூரில். கடைப் பையன் கையில் இருப்பதோ நேற்றுப் போட்ட மாற்றுச் சாவி. பூட்டில் நுழைகிறது, திரும்ப மறுக்கிறது. குறடு வைத்துத் திருகினால் சாவி முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடுகிறது. குள்ளஞ்சாவடி கடைவீதியானாலும் கடலூர் மொத்தக் கடையானாலும் நமக்கு இது புதிய கதையல்ல. பூட்டை உடைக்கும் செலவோடு காலை வியாபாரமும் போய்விடுகிறது.

சாவி சேராவிட்டால் பலத்தைக் காட்டக் கூடாது. குற்றம் பூட்டிலா, ஷட்டரிலா, சாவியிலா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கம்பெனி சாவியைப் போட்டுப் பாருங்கள். அதுவும் இறுக்கமாகத் திரும்பினால் குற்றம் பூட்டில். நம்மில் பலர் கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயை விடுகிறோம். அன்றைக்கு இளகும், பிறகு மாவுத் தூளையும் தூசியையும் பிடித்து முன்னிலும் மோசமாகும். பென்சில் முனையைச் சாவியின் வெட்டுகளில் நன்றாகத் தேய்த்து, நாலைந்து முறை போட்டு எடுங்கள். அந்தக் கரித்தூளே போதும்.

ஷட்டரைத் தூக்கிய நிலையில் திரும்பும் சாவி, இறக்கியபின் திரும்பவில்லையா? சாவியின் மேல் பழி போட வேண்டாம். ஷட்டர் சாய்ந்து, தாழ்க்கம்பி அதற்குரிய துளைக்கு நேராக இல்லை என்று பொருள்.

கம்பெனி சாவி சுகமாகத் திரும்பி, புதியது மட்டும் மறுத்தால் குற்றம் சாவியில்தான். பல பூட்டுகளுக்குள் சிறு பின்கள் வரிசையாக நிற்கின்றன. 1860களில் அமெரிக்கரான லைனஸ் யேல் உருவாக்கிய முறை இது. ஒவ்வொரு பின்னையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திரும்பாது. மெஷினில் சாவியை ஒட்டி நிறுத்தாமல் வெட்டினால் எல்லா வெட்டும் இடம் தள்ளிப்போகும். வெட்டிய பிசிரை நீக்காவிட்டாலும் சிக்கும். தேய்ந்த சாவியையோ, மாற்றுச் சாவியையோ பார்த்து இன்னொன்று வெட்டினால், முன்னதன் பிழையோடு புதுப் பிழையும் சேரும்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகள் கைவேலையில் உருவாகுபவை. அவற்றுக்கு மெஷினை மட்டும் நம்பாமல், பூட்டையே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. கைதேர்ந்தவர் சாவியை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்கச் செய்து, பூட்டில் விட்டு மெல்லத் திருப்புவார். உராயும் இடத்தில் கரி அழிந்திருக்கும். அங்கே மட்டும் அரத்தால் ஓர் இழுப்பு. நாமே அரத்தை எடுக்க வேண்டாம். ராவிய இரும்பு திரும்ப ஒட்டாது.

ஆகவே வணிகர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை: கம்பெனி சாவி ஒன்றைப் பயன்படுத்தாமல் வீட்டில் வைத்திருங்கள், மாற்றுச் சாவியை அதைப் பார்த்தே வெட்டச் சொல்லுங்கள். புதுச் சாவியைக் கடை திறந்திருக்கும்போதே பத்து முறை திருப்பிப் பாருங்கள். பூட்டிவிட்டுப் பரீட்சை செய்யாதீர்கள். எந்தச் சாவி யாரிடம் என்று நோட்டில் எழுதுங்கள். வேலையை விட்டவர் சாவியைத் திருப்பித் தராவிட்டால் பூட்டையே மாற்றுங்கள். சேராத சாவியால் போவது ஒரு காலை வியாபாரம்; கணக்கில் இல்லாத சாவியால் போவது கடையே.