தோல்வியின் வாசலில் நின்று தங்கம் வென்ற சென்னை வாலிபர்!

சீனாவில் உள்ள ஹாங்சோ நகரம். 2023-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி.

ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்து கொண்டிருந்தது. அன்று ஆண்கள் ஸ்குவாஷ் குழுப் பந்தயத்தின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் இந்தியா. மறுபக்கம் பாகிஸ்தான்.

முதல் ஆட்டத்தில் மகேஷ் மங்காவ்கர் தோற்றார். இரண்டாவது ஆட்டத்தில் சவுரவ் கோஷல் வென்றார். ஆளுக்கு ஒன்று. தங்கம் யாருக்கு என்பதை மூன்றாவது ஆட்டம்தான் சொல்ல வேண்டும்.

களத்தில் இறங்கியவர் சென்னை வாலிபர் அபய் சிங். எதிரே நின்றவர் நூர் ஜமான். லேசுப்பட்டவர் அல்ல. பாகிஸ்தானின் பழைய வீரர் கமர் ஜமானின் பேரன். அதோடு, இதே போட்டியில் சில நாட்களுக்கு முன்புதான் அபய் சிங்கை அவர் தோற்கடித்திருந்தார்!

இது என்ன ஆட்டம்?

நாலு பக்கமும் சுவர். நீளம் 32 அடி. அகலம் 21 அடி. நன்னிலத்துக் குடியானவர் கணக்கில் சொன்னால் 5 குழிகூட வராது. ஒரு மா நிலத்தில் 20 களம் போட்டுவிடலாம்!

நடுவில் வலை கிடையாது. இருவரும் ஒரே பக்கம் நின்று, மட்டையால் பந்தை முன்சுவரில் அடிக்கிறார்கள். திரும்பி வரும் பந்து தரையில் இரண்டு முறை படுவதற்குள், எதிராளி அதை மறுபடி சுவருக்கு அனுப்ப வேண்டும். சுவரின் அடியில் ஒரு தகரப் பட்டை உண்டு. அதில் பந்து பட்டால் புள்ளி போச்சு. 11 புள்ளி எடுத்தால் ஒரு செட். 10-க்கு 10 என்று வந்துவிட்டால், 2 புள்ளி முந்த வேண்டும். 3 செட் எடுத்தவருக்கு வெற்றி.

பந்து ரப்பர் பந்து. உள்ளே வெறும் காற்று. எடை சுமார் 24 கிராம். குளிர்ந்திருந்தால் துள்ளாது, சேற்றில் விழுந்த கல் மாதிரி கிடக்கும். அதனால் முதலில் அடித்து அடித்துச் சூடேற்றுகிறார்கள்.

இங்கிலாந்தில் ஹாரோ பள்ளிக்கூடத்தில் சுமார் 1830-ல் பிறந்த ஆட்டம் இது. 'ஸ்குவாஷ்' என்றால் நசுக்குவது. நசுங்கும் பந்தால் ஆடியதால் இந்தப் பெயர். வெள்ளைக்காரர்களோடு இந்தியாவுக்கு வந்தது. வெகுகாலம் கிளப்புகளை விட்டு வெளியே வரவில்லை. இப்போது சென்னை நேரு பூங்காவில் பெரிய பயிற்சிக்கூடம் இருக்கிறது. ஆனாலும் சிற்றூர்ப் பையன்களுக்கு இன்னும் எட்டாத ஆட்டம்தான். மரத் தரையும் கண்ணாடிச் சுவரும் சும்மா வருமா?

10-க்கு 8!

முதல் செட் அபய் சிங்குக்கு. அடுத்த இரண்டும் நூர் ஜமானுக்கு. நாலாவது, 11-9 என்று அபய் சிங்குக்கு.

ஐந்தாவது செட்டில் நூர் ஜமான் 10, அபய் சிங் 8. இன்னும் ஒரே ஒரு புள்ளி! அதோடு கதை முடிந்துவிடும்.

முடியவில்லை. அபய் சிங் வரிசையாக 4 புள்ளி எடுத்தார். 12-10! தங்கம் இந்தியாவுக்கு. சந்தோஷம் தாங்காமல் மட்டையைத் தூக்கி வீசி எறிந்தார் அவர்.

இரட்டைக் குழந்தைகளின் தாய்

இன்னொரு தங்கமும் சென்னைக்கு வந்தது. வாங்கி வந்தவர் தீபிகா பள்ளிக்கல். கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக்கின் மனைவி. 2021-ல் இரட்டைக் குழந்தை பெற்றவர். பிள்ளை பெற்றபின் மட்டையை மூலையில் போட்டுவிடவில்லை!

அக்டோபர் 5-ந் தேதி கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டம். ஹரிந்தர்பால் சிங் சந்துவுடன் சேர்ந்து மலேசிய ஜோடியை 11-10, 11-10 என்று வென்றார். இரண்டு செட்டிலும் ஒரே புள்ளி வித்தியாசம்.

அகப்படாத தங்கம்

ஒற்றையர் தங்கம் போக்குக் காட்டுகிறது. 2014-ல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில், இறுதி ஆட்டத்தின் முதல் 2 செட்டையும் கோஷல் வென்றார். அடுத்த 3 செட்டையும் குவைத் வீரரிடம் பறிகொடுத்தார். 2023-ல் மறுபடி இறுதி ஆட்டம். மலேசிய வீரரிடம் மறுபடி தோல்வி. இரண்டு முறையும் வெள்ளிதான்.

ஆசியப் போட்டியில் ஸ்குவாஷ் சேர்ந்தது 1998-ல். அன்று முதல் 2023 வரை, ஒற்றையர் தங்கம் எந்த இந்தியர் கழுத்திலும் ஏறவில்லை. 2028-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் முதல் முறையாக இடம் பெறுகிறது.