சின்னத்திரை வக்கீலும் சிறைச்சாலை நீதிமன்றமும்

மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் உள்ள நம் இல்லங்களில், இரவுச் சாப்பாட்டு வேளையில் கறுப்பு அங்கி தரித்த வக்கீல் தொலைக்காட்சியில் தோன்றி வாதாடுவது புதுமையன்று. 2010 நவம்பரில் சோனியில் தொடங்கிய ‘அதாலத்’ தொடரின் கே. டி. பாடக்கை நம் பிள்ளைகளில் பலர் பார்த்தே வளர்ந்தனர். பின்னர் ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ 2019-லும், தமிழில் ‘சட்டமும் நீதியும்’ 2025-லும் வந்தன. இவற்றைக் கண்டு சட்டம் படிக்க விழையும் இளைஞர் இருப்பின் மகிழ்ச்சியே. ஆயினும் அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

பாடக்கின் கட்சிக்காரர் நிரபராதி. அது நமக்கு முன்னமே தெரியும். ஆகவே கட்சிக்காரரிடம் வக்கீல் காட்டும் விசுவாசமும், உண்மையினிடம் காட்டும் விசுவாசமும் ஒரே பாதையில் செல்கின்றன. குறுக்கு விசாரணையில் மெய்யான குற்றவாளி கதறி ஒப்புக்கொள்கிறான். நாமும் கை கழுவி எழுந்து விடுகிறோம். ஊரே வெறுக்கும் ஒருவனுக்காக வாதாட நேர்ந்தால் அந்த விசுவாசம் என்னவாகும்? விடை காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2008 நவம்பர் 26-ஆம் நாள் இந்நகரில் தொடங்கிய தாக்குதலில் 166 பேர் மாண்டனர். அவர்களுள் 50-க்கும் மேற்பட்டோர் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் மடிந்தவர்கள். ரயில்வேயில் ஊழியம் செய்யும் எம் போன்றோர்க்கு அது பத்திரிகைச் செய்தி மட்டுமன்று. உயிருடன் பிடிபட்ட கசாபுக்காக எவரும் வாதாடுவதில்லை என மாஜிஸ்திரேட் நீதிமன்ற வக்கீல் சங்கம் தீர்மானித்தபோது, ‘சரிதானே’ என்று நினைத்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. நீதிமன்றம் நியமித்த அஞ்சலி வாக்மாரேயின் வீட்டு முன் கூட்டம் திரண்டு ஆர்ப்பரித்தது. பின்னர் அவர் அவ்வழக்கின் சாட்சி ஒருவருக்கு ஏற்கெனவே வக்கீலாக இருந்தவர் எனத் தெரிய வரவே, 2009 ஏப்ரலில் விலக்கப்பட்டார். ஒரே வழக்கில் இரு பக்கத்தாருக்கும் ஒருவர் விசுவாசமாயிருத்தல் இயலாது என்பதே அதன் நியாயம். கூட்டத்தின் கூச்சலுக்கும் இந்த நியாயத்துக்கும் எவ்வளவு தூரம், பாருங்கள்!

ஆர்தர் ரோடு சிறைச்சாலைக்குள்ளேயே அமைந்த தனி நீதிமன்றத்தில் நீதிபதி தஹலியானி முன் விசாரணை நடந்தது. கசாபுடன் மேலும் இருவர் கூண்டில் நின்றனர். அவர்களுள் ஒருவரான ஃபஹீம் அன்சாரி, தாக்குதலுக்கு வேண்டிய வரைபடங்களைக் கையால் வரைந்து தந்தார் என்பது குற்றச்சாட்டு. அவ்வரைபடம், இறந்துபோன அபு இஸ்மாயிலின் கால்சட்டைப் பையில் கிடைத்ததாக அரசுத் தரப்பு கூறியது. ஃபஹீமுக்கு வக்காலத்து ஏற்றவர் ஷாஹித் அஸ்மி என்னும் இளைஞர். இவரே இளம் வயதில் தடா சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டு, சட்டம் பயின்றவர். உடையெல்லாம் இரத்தத்தில் தோய்ந்திருக்க, காகிதத்தில் மட்டும் கறையோ கசங்கலோ இல்லாதது எங்ஙனம் என்பது அவர் எழுப்பிய வினா. எளிய வினாதான், ஆனால் அந்த நாட்களில், அந்த வழக்கில், அதைக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது.

2010 பிப்ரவரி 11 அன்று குர்லாவிலுள்ள அவரது அலுவலகத்துக்குக் கட்சிக்காரர்களைப் போல் வந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 32.

‘கொலைகாரன் என்று தெரிந்தும் வாதாடுவது தர்மமா?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. இந்திய வக்கீல் கவுன்சிலின் விதிகள் இதற்கு விடை கூறியுள்ளன. குற்றத்தைப் பற்றித் தம் சொந்த அபிப்பிராயம் எதுவாயினும் வக்கீல் கட்சிக்காரருக்காக அஞ்சாது வாதாட வேண்டும்; ஏனெனில் போதிய சாட்சியமின்றி எவரையும் தண்டிக்கலாகாது என்னும் சட்டத்துக்கே அவர் விசுவாசம் உரியது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது; 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே விதிக்கிறது. ஆனால் குற்றம் புரிவதற்காக யோசனை கேட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நீதிமன்றத்தை ஏமாற்றவும் வக்கீலுக்கு உரிமையில்லை. தொடர்களில் சாட்சியத்தை ஒளித்து வைக்கும் வக்கீலின் சாமர்த்தியத்தை ரசிக்கும் நம் பிள்ளைகள் இதை அறிதல் நலம்.

நம் கோயம்புத்தூரிலும் இப்பிரச்சினை எழுந்தது. குற்றம் சாட்டப்பட்ட போலீசாருக்காக வாதாடுவதில்லை என அங்குள்ள வக்கீல்கள் தீர்மானம் நிறைவேற்றினர். இத்தகைய தீர்மானங்கள் யாவும் செல்லாதவை என்று உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 1792-இல் தாமஸ் பெயினுக்காக வாதாடி, இளவரசரிடம் வகித்த பதவியை இழந்த ஆங்கில வக்கீல் எர்ஸ்கினையும் அத்தீர்ப்பு நினைவுகூர்கிறது. 1960-களின் பிற்பகுதியில் இந்த பம்பாயில் தென்னிந்தியர்மீது கோபம் மூட்டப்பட்ட நாட்களை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய கோபம் எந்த வீட்டுக் கதவை என்று தட்டும் என யாரே அறிவர்?

அஸ்மி மறைந்து மூன்று மாதம் நிறைவதற்குள், 2010 மே 3 அன்று, கசாப் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. ஃபஹீமும் மற்றொருவரான சபாவுதீன் அகமதும் சாட்சியம் போதாமையால் அவ்வழக்கிலிருந்து விடுதலையாயினர். வரைபடம் பற்றிய சந்தேகத்தை நீதிபதி ஏற்றார். உயர் நீதிமன்றமும், 2012 ஆகஸ்டு 29-இல் உச்ச நீதிமன்றமும் அவ்விடுதலையை உறுதி செய்தன.

அஸ்மியின் வாழ்வைக் கொண்டு ஹன்சல் மேத்தா இயக்கிய ‘ஷாஹித்’ என்னும் இந்திப் படம் 2013-இல் திரையிடப்பட்டது. அதில் பாட்டும் கூத்தும் எதிர்பார்க்க வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.