அடிக்கடி அணையும் கம்ப்யூட்டர்... கோளாறு எங்கே?

வேலைக்கு நடுவே கம்ப்யூட்டர் தானாக அணைந்தாலோ, நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆனாலோ பலரும் முதலில் யோசிப்பது ஃபார்மட். பழுது உதிரி பாகத்தில் என்றால் அதனால் பயனில்லை. குழந்தைகளின் போட்டோக்கள் போனதுதான் மிச்சம். முதலில் முக்கியமான ஃபைல்களை நகல் எடுத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால், இன்றே!

பிறகு, எப்போது அணைகிறது என்று கவனியுங்கள். கேம் ஆடும்போதோ, வீடியோ எடிட் செய்யும்போதோ அணைந்தால் சூடு காரணமாக இருக்கலாம். சூடு எல்லை மீறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டைத் திறந்தால், ஃபேனில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். மென்மையான பிரஷ்ஷால் எடுத்துவிடலாம்.

நீலத்திரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழையைக் காட்டுகிறதா? ராம் மீது சந்தேகப்படலாம். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனை இருக்கிறது. இரண்டு ராம் இருந்தால், ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். பிறகு மாற்றிப் போடுங்கள். குற்றவாளி சிக்கிவிடும்.

சூடும் இல்லை, நீலத்திரையும் இல்லை, பட்டென்று அணைகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பார்க்க வேண்டும். வேறொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் எளிய சோதனை. அதை மட்டும் வீட்டில் பிரிக்கவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

'மதர்போர்டு போச்சு' என்று மெக்கானிக் சொன்னால், பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "வேற ராம், வேற எஸ்.எம்.பி.எஸ் போட்டுப் பார்த்தீங்களா?"