இறாலுக்குப் புதுத் தண்ணீர்

ஊர் மாறி வந்தவர்கள் முதல் வாரத்தில் கூறும் சொல் ஒன்றுண்டு: “இந்த ஊர்த் தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.” நாம் இரண்டு நாள் மிளகு ரசம் அருந்தித் தேறிவிடுகிறோம். கடையிலிருந்து நம் இல்லத்துக் கண்ணாடித் தொட்டிக்குக் குடிபுகும் நன்னீர் இறாலுக்கு அத்தகைய மாற்று எதுவும் இல்லை. மாலையில் சுறுசுறுப்பாக மேய்ந்த பத்து இறால்களில் இரண்டு மூன்று மறுநாட் காலையில் மடிந்து கிடப்பதைக் கண்டு, நோயுற்றவற்றை விற்றுவிட்டார் என்று கடைக்காரர்மீது சினம் கொள்வோர் பலர். ஆயினும், பல வேளைகளில் காரணம் நோயன்று. நீரின் திடீர் மாற்றமே.

சிவப்பு நிறத்தால் கண்ணைக் கவரும் செர்ரி இறால் ஓரங்குல நீளமே உடையது. தன் உடலிலுள்ள உப்புகளின் அளவைச் சுற்றியுள்ள நீருக்கு ஏற்பச் சீர்செய்துகொள்ள அதற்கு அவகாசம் வேண்டும். நீரோ ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. ஏரிகளில் தேங்கிய மழைநீரைப் பெறும் மும்பையில் குழாய்நீர் மென்மையானது. பெங்களூரிலோ காவிரி நீர் வரும் தெருவுக்கும் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கும் தெருவுக்குமே வேறுபாடு மிகுதி. ஆகவே, கடைநீரும் வீட்டுநீரும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துவிடலாகாது.

இறாலை வாங்குவதற்கு 4 முதல் 6 வாரங்கள் முன்னரே தொட்டியை ஆயத்தம் செய்யத் தொடங்க வேண்டும். கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா கொடிய நஞ்சு. அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் பெருக இக்காலம் தேவை. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை இட்டுவந்தால் அவை பெருகும். குழாய்நீரை, குளோரின் நீக்கும் மருந்தை அளவாகச் சேர்த்த பின்னரே ஊற்ற வேண்டும்.

இறாலைக் கொணர்ந்ததும், பையைக் கட்டியவாறே 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் இரு நீரின் வெப்பமும் சமமாகும். பின்னர் இறால்களைப் பைநீருடன் ஒரு பீங்கான் கிண்ணத்திற்கு மாற்றுக. காற்றுக் குழாய் ஒன்றில் தளர்வாக முடிச்சிட்டு, அதன்வழியே தொட்டிநீரை நொடிக்கு இரண்டு சொட்டாகக் கிண்ணத்தில் விழச் செய்க. நீர் மும்மடங்காக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதன் பின் சிறு வலையால் இறால்களை மட்டும் தொட்டியில் விடுக; கிண்ணத்து நீரைக் கொட்டிவிடுக. முதல் நாள் உணவிட வேண்டுவதில்லை.

இறாலுக்குச் செம்பு நஞ்சாகும். செம்புக் குடத்து நீரைச் சிறந்ததென நம் வீடுகளில் போற்றுவர். அந்நீரை இத்தொட்டியில் ஊற்றலாகாது. மீன்நோய்க்கான மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு. கொசுவை ஒழிக்கத் தெளிக்கும் மருந்தும் இறாலைக் கொல்லும். ஆதலின், தொட்டியுள்ள அறையில் அதனைத் தெளித்தல் கூடாது. தில்லியின் கோடையில் நீரின் வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டாதவாறு, நீரின் மேற்பரப்பில் மின்விசிறிக் காற்றுப் படும்படி செய்யலாம்.

சில நாள் சென்றபின் கண்ணாடி போன்ற வெற்றுடல் ஒன்று அடியில் கிடக்கக் கண்டால் அஞ்ச வேண்டா. வளரும் இறால் கழற்றிய மேலோடு அது. அதனை எடுத்தெறியாமல் விட்டுவிடுக. அதிலுள்ள கால்சியத்தை இறால்களே உண்டு மீட்டுக்கொள்ளும். நீர் மிக மென்மையாயின் புதிய ஓடு உறுதிப்படுவதில்லை. அவ்விடத்துத் தாது உப்புக் கலவையைச் சிறிதளவு சேர்ப்பது நலம். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றினால் போதும்.

இவ்வாறு முதல் மாதத்தைக் கடந்த இறால்கள் பெரும்பாலும் நிலைத்துவிடும். பின்னர் ஒருநாள், தாயின் வயிற்றடியில் முட்டைகள் திரண்டிருப்பதையும், சில வாரங்களில் எள்ளளவே உள்ள குஞ்சுகள் பாசியில் மேய்வதையும் காணலாம். அக்குஞ்சுகளுக்கு அது புதுத் தண்ணீர் அன்று. சொந்த ஊர்த் தண்ணீர்.