கற்றாழையின் வேரழுகல்: தடுப்பதும் காப்பதும்

எமது கிராமங்களில் கற்றாழை இல்லாத வீடு அரிது. சிறு தீக்காயத்திற்கும் தலைமுழுக்கிற்கும் உதவும் இச்செடியைச் சாடிகளில் வளர்த்து, பக்கக் கன்றுகளைப் பிரித்து விற்கும் தாய்மாரும் உள்ளனர். அவர்களுக்குப் பத்துச் சாடிகள் அழிவது பிள்ளைகளின் கொப்பிக் காசு அழிவதற்குச் சமம். மாரி முடியும்போது இவ்வாறு அழிந்து கிடக்கும் செடிகளுள் பெரும்பாலானவை நீர் கூடியதனாலேயே மடிந்தவை.

ஏன் அழுகுகிறது?

கற்றாழை அராபியத் தீபகற்பத்தின் வரண்ட நிலத்துக்குரிய செடி. தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைக்கும். பகலில் இலைத்துளைகளை மூடி, குளிர்ந்த இரவிலேயே திறப்பதால் அது செலவழிக்கும் நீர் மிகக் குறைவு. எனவே மல்லிகைக்கு ஊற்றுவதுபோல் இதற்கும் தினமும் ஊற்றினால் மண் காயவே மாட்டாது.

வேரும் மூச்சு விடுகிறது. மண்ணின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதிலாக நீர் நிறைந்து நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். செத்த வேரினூடாகப் பியூசேரியம் என்னும் பங்கசும், பித்தியம், பைற்றொப்தோரா போன்ற நுண்ணுயிர்களும் உட்புகும். பின்னைய இரண்டினதும் வித்திகள் நீரில் நீந்திச் செல்ல வல்லவை. ஆகவே நோய் பரவத் தேங்கிய நீரே பாதை.

வேர் அழிந்த செடியால் நீரை உறிஞ்ச முடியாது. ஈர மண்ணில் நின்றபடியே அதன் இலைகள் சுருங்கி வாடும். இதைத் தாகம் என எண்ணி மேலும் நீர் ஊற்றுகிறோம். செடி அத்துடன் முடிந்துவிடுகிறது.

அடையாளங்கள்

மண் ஈரமாயிருக்க இலை வாடுதல், அடியிலைகள் மஞ்சளாகிக் கொழகொழத்தல், தண்டின் அடி கபில நிறமாதல், செடி ஆடுதல், மண்ணில் துர்நாற்றம் என்பன வேரழுகலின் அறிகுறிகள். மண் காய்ந்து, இலை மெலிந்தும் உறுதியாக இருப்பின் அதுவே உண்மையான தாகம்.

காப்பாற்றும் முறை

1. செடியைச் சாடியிலிருந்து எடுத்து, மண்ணை உதறி வேரைக் கழுவுக. நல்ல வேர் வெளிறிய நிறத்துடன் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் தோல் கழன்று நார் மட்டும் மிஞ்சும்.

2. ஸ்பிரிட்டினால் துடைத்த கூரிய கத்தியால் அழுகிய பகுதி முழுவதையும் வெட்டுக. தண்டின் வெட்டுமுகத்தில் கபில நிறம் தெரிந்தால், சுத்தமான சதை தெரியும் வரை மேலே மேலே வெட்ட வேண்டும்.

3. காற்றோட்டமான நிழலில் ஒரு வாரமளவில் உலர விடுக. வெட்டுக்காயம் காய்ந்து பொருக்குக் கட்டாமல் நட்டால் மறுபடியும் அழுகும்.

4. புதிய, உலர்ந்த மண்கலவையில் நட்டு, ஒரு வாரம் நீர் ஊற்றாது விடுக.

5. பழைய மண்ணை வேறு சாடிக்குப் பயன்படுத்த வேண்டாம். சாடியை நன்றாகக் கழுவி வெயிலில் காயவிடுக.

வேர் முழுவதும் போனாலும் தண்டின் அடி சுத்தமாயிருந்தால் புதுவேர் வரக்கூடும். தண்டும் அழுகியிருந்தால் நோயற்ற பக்கக் கன்றுகளை மட்டும் பிரித்தெடுங்கள். கற்றாழையின் தனி இலையை நடுவதில் பயனில்லை. அது பெரும்பாலும் அழுகிப்போகும். உண்ணவும் பூசவும் வளர்க்கும் செடியாதலால் மருந்து தெளிப்பதை நாம் விரும்பவில்லை. அழுகிய செடியின் இலையைப் பயன்படுத்தவும் கூடாது.

வருமுன் காப்போம்

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் நீர் விரைவில் வடியும். முருங்கன் பகுதியின் கருங்களிமண்ணில் தேங்கும். சாடிக்கு இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு மக்கிய கூட்டெரு எனக் கலப்பது எவ்விடத்துக்கும் பொருந்தும். பருமணலுக்குப் பதிலாக உடைத்த செங்கல்லையும் சேர்க்கலாம். உப்புள்ள கடற்கரை மணல் வேண்டாம். தும்புத்தூள் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அதைக் குறைத்துக்கொள்க.

பால்மாப் பேணி, பெயின்ற் வாளி எதுவாயினும் அடியில் நாலைந்து துளைகள் அவசியம். துளையில்லாத வாளியின் அடியில் கல் நிரப்புவதால் நன்மையில்லை. நீர் வெளியேற வழியின்றிக் கல்லுக்கு மேலுள்ள மண்ணும் ஊறிக்கொண்டே இருக்கும்.

நீர் ஊற்றுமுன் ஓர் ஈர்க்கைச் சாடியின் அடிவரை குத்தி இழுத்துப் பாருங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் அன்று ஊற்ற வேண்டாம். உலர்ந்து வந்தால், அடித்துளையால் நீர் வடியும் வரை ஊற்றி, பின்னர் நன்கு காயவிடுக. ஐப்பசி பிறந்ததும் சாடிகளை மழை படாத, ஆனால் வெளிச்சமுள்ள தாழ்வாரத்துக்கு மாற்றுவது நன்று. நிலத்தில் நடுவோர் மேடை கட்டி நடுக.

சாடியின் கீழ்த்தட்டில் நிற்கும் நீர் இன்னோர் ஆபத்து. வேரை அழுக்கும் அதே நீரில்தான் டெங்கு நுளம்பு பெருகுகிறது. 2017ஆம் ஆண்டில் எமது நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். கீழ்த்தட்டை அகற்றுவது செடியையும் காக்கும், வீட்டுப் பிள்ளைகளையும் காக்கும்.

இறுதியாக ஒன்று. இம்மாரிக்கு முன்பே ஒவ்வொரு தாய்ச் செடியிலிருந்தும் ஒரு கன்றைப் பிரித்து வேறிடத்தில் வையுங்கள். ஒன்று அயல்வீட்டில் இருந்தாலும் நல்லதே. ஒரு சாடியை இழந்தாலும் இனத்தை இழக்க மாட்டோம்.