தூரத்திலிருந்து உதவும் ஒரு கிளாக்கர்

பெண்கள் நடத்தும் சிறுதொழில்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கடன், பயிற்சி, சந்தை என்ற மூன்றையுமே நாம் திரும்பத் திரும்பப் பேசுகின்றோம். நான்காவதாக ஒன்று உண்டு. அதுதான் எழுத்து வேலை. யாருக்கு எவ்வளவு சரக்குக் கொடுத்தோம், யார் காசு தர வேண்டும், எந்தக் கடிதத்துக்கு எப்போது பதில் போட வேண்டும், பிரதேச செயலகத்துக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டும் என்பவை எல்லாம் இதில் அடங்கும். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று மேசை, கதிரையோடு கிளாக்கர்மார் இருக்கின்றார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வேலை இரவு பிள்ளைகள் படுத்த பிறகுதான் வரும். அப்போது கண்ணும் கையும் ஓய்ந்து போயிருக்கும்.

தூரத்தில், தன் வீட்டிலேயே இருந்துகொண்டு தொலைபேசி மூலமும் கணினி மூலமும் இந்த வேலைகளைச் செய்து தருபவரை இப்போது ‘மெய்நிகர் உதவியாளர்’ என்று அழைக்கின்றார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ கொழும்புக் கம்பனிகளுக்கான சங்கதி போலத் தோன்றும். சம்பூரில் ஐந்து பெண்களாகச் சேர்ந்து மிளகாய்த்தூள், கறித்தூள், அரிசிமா செய்து விற்கும் எங்களுக்கு அப்படி ஒருவர் எவ்வாறு பயன்பட்டார் என்பதை, வரவு செலவுக் கணக்கோடு இங்கு எழுதுகின்றேன்.

எங்கள் ஊரும் எங்கள் தொழிலும்

சம்பூர் மக்கள் 2006 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஊரை விட்டு ஓடத் தொடங்கியவர்கள். 2007 இல் எங்கள் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் காலம் கழித்து, 2015 இல் மீள்குடியேற்றம் தொடங்கிய பிறகே பலர் தங்கள் காணியை மீண்டும் பார்த்தோம். கடற்படையிடம் இருந்த 237 ஏக்கர் 2016 இல்தான் விடுவிக்கப்பட்டது. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, மாடும் இல்லை. கையில் இருந்தது சமையல் தொழில் ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் ஐவரும் மூலதனமாக்கினோம். எங்களில் மூவர் குடும்பத் தலைவிகள்.

சரக்குச் செய்வதில் எங்களுக்கு ஒருபோதும் கஷ்டம் இருந்ததில்லை. கஷ்டமெல்லாம் சரக்கு வெளியே போன பிறகுதான். திருகோணமலைப் பட்டினம் கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில்தான் இருக்கின்றது. ஆனால் தரை வழியாகப் போவதென்றால் மூதூர், கிண்ணியா என்று குடாவைச் சுற்ற வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதால் அங்கே பாதைப் படகுக்குக் காத்திருக்கும் தொல்லை ஒழிந்தது. எனினும் ஒரு சிட்டைக்காகவோ ஒரு கையெழுத்துக்காகவோ போனால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். எங்கள் கூட்டத்தில் வறுப்பு வேலை என்னுடையது. வறுப்புப் பதம் தவறினால் தூளின் நிறமும் மணமும் கெட்டுவிடும். ஆகவே நான் வெளியே போகும் நாளில் அடுப்பு எரியாது. மாதத்தில் நான்கு நாட்கள் அப்படிப் போயின.

கடைக்காரர்கள் கடனுக்குத்தான் சரக்கு எடுப்பார்கள். அந்தக் கணக்குப் பாதி கொப்பியிலும் பாதி ஞாபகத்திலும் இருந்தது. நாங்கள் எடுத்த தொழிற்கடனில் இரண்டு தவணை பிந்திவிட்டது. எங்களில் ஒருத்தி தன் காப்பை அடகு வைத்து ஒரு தவணையைக் கட்டினாள். “தைப்பொங்கலோட அடுப்ப அணைச்சிட்டு அவரவர் வேலையப் பாப்பம் அக்கா” என்று இன்னொருத்தி வாய்விட்டே சொன்னாள்.

கிடைத்த துணை

எங்களுக்கு உதவ வந்தவர் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கும் ஓர் இளம்பெண். வர்த்தகப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தவர். படுக்கையில் இருக்கும் தகப்பனைப் பார்க்க வேண்டியிருப்பதால் வெளியே வேலைக்குப் போக முடியாதவர். தமிழும் சிங்களமும் சரளமாகத் தெரியும், ஆங்கிலத்தில் கடிதம் எழுதக் கூடியவர். எங்கள் கூட்டத்திலுள்ள ஒருவரின் உறவுக்காரர் மூலம் அறிமுகமானார். மாதம் 24 மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 400 ரூபாய் என்று பேசினோம். மாதம் 9,600 ரூபாய்.

முதல் நாளே அவர் சொன்னது இது: “அக்கா, நீங்க எழுத வேணாம். யாருக்கு என்ன குடுத்தீங்க எண்டு வாட்ஸ்அப்பில குரலாச் சொல்லி அனுப்புங்க. மிச்சத்த நான் பாத்துக்கொள்றன்.” அன்றிலிருந்து சரக்கு ஏற்றும்போதே, கை தூளோடு இருந்தாலும், குரல்பதிவு போய்விடும். இரவு எட்டு மணிக்கு அன்றைய கணக்கு அட்டவணையாகத் திரும்பி வரும்.

அவர் செய்தவற்றுள் முக்கியமானவை மூன்று. பழைய கொப்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, கடை கடையாகப் பாக்கியைக் கூட்டினார். மொத்தம் 64,500 ரூபாய் வெளியே நின்றது. ஒவ்வொரு கடைக்கும் திகதியோடு பட்டியல் அனுப்பி, மாதம் இரு முறை தன்மையாக நினைவூட்டினார். சிங்களக் கடைக்காரர்களுடன் அவர்களது மொழியிலேயே கதைத்தார். மூன்று மாதத்தில் 43,000 ரூபாய் வந்து சேர்ந்தது. இரண்டாவதாக, நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்று ஆங்கிலத்தில் விலைக்குறிப்புக் கேட்டிருந்தது. அதற்கு அன்றே பதில் போனது. இப்போது மாதந்தோறும் அங்கே கறித்தூள் போகின்றது. மூன்றாவதாக, பொதி மேல் ஒட்டும் துண்டில் பெயர், நிறை, விலை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி எல்லாம் ஒழுங்காக வரும்படி அமைத்துத் தந்தார்.

கணக்குப் பார்ப்போம்

வாசகிகள் கேட்கக் கூடும்: வருமானமே குறைவாக இருக்கும்போது இன்னொருவருக்குச் சம்பளமா? நியாயமான கேள்வி. நாங்களும் கூடியிருந்து கணக்குப் பார்த்தோம்.

ஒரு நாள் அடுப்பெரிந்தால் 20 கிலோ தூள். கிலோவுக்குச் செலவு போக 150 ரூபாய் மிஞ்சும். ஆக ஒரு நாளின் பெறுமதி 3,000 ரூபாய். வெளியே போகும் நான்கு நாட்கள் ஒன்றாகக் குறைந்ததால் மூன்று நாட்கள் மிச்சம். அதன் பெறுமதி 9,000 ரூபாய். கொடுக்கும் கூலியோ 9,600. இதை மட்டும் பார்த்தால் மாதம் 600 ரூபாய் நட்டம்தான். ஆனால் அந்த மூன்று நாட்களின் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் இதில் சேரவில்லை. வந்து சேர்ந்த பழைய பாக்கியும் விடுதியின் புதிய கட்டளையும் சேரவில்லை. அவற்றைச் சேர்த்த பிறகு பிந்திய தவணைகளைக் கட்டினோம். அடகு வைத்த காப்பும் மீண்டது. பொங்கல் கழிந்தும் அடுப்பு எரிகின்றது.

நிரந்தரமாக ஒரு கிளாக்கரை வைத்தால் முழு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். அவை தொழிலாளியின் உரிமை, மறுக்கலாகாது. ஆனால் மாதம் 24 மணித்தியால வேலை மட்டுமே உள்ள இடத்தில் முழுநேர ஊழியரை வைக்க வழியில்லை. தேவையான நேரத்துக்கு மட்டும் உதவி பெறுவதுதான் எங்களுக்கு ஏற்ற வழியாக அமைந்தது.

இது புதிய கதை அல்ல

வீட்டிலிருந்து தொழில்முறை வேலை செய்வதைப் பெண்கள் எப்போதோ தொடங்கிவிட்டார்கள். 1939 இல் நாஜிக் கொடுமைக்குத் தப்பிச் சிறுமியாக இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர் ஸ்டெபனி ஷேர்லி. அவர் 1962 இல் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கணினி நிரல் நிறுவனத்தைத் தொடங்கினார். திருமணத்தாலும் பிள்ளைப் பேற்றாலும் வேலையை விட்ட பெண்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். பெண் பெயரில் கடிதம் போட்டால் பதில் வராததால் ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்டார். கொன்கோர்ட் விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவிக்கான நிரலை எழுதியதும் அவரது நிறுவனத்துப் பெண்களே. அகதியாக வந்த ஒரு பெண் பலருக்கு வேலை கொடுத்த கதை, முகாமில் வாழ்ந்த எங்களுக்கு அந்நியமானது அல்ல.

நமக்கு அருகில் தமிழ்நாட்டில், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவோடு சலோனி மல்ஹோத்ரா என்பவர் 2007 இல் ‘தேசிக்ரூ’ என்ற நிறுவனத்தை அமைத்து, கிராமத்துப் படித்த இளைஞர்களுக்குத் தரவுப் பதிவு வேலைகளைக் கொண்டு சேர்த்தார். அவர்களிற் பலர் பெண்கள். குஜராத்தில் இலா பட் 1972 இல் தொடங்கிய ‘சேவா’ அமைப்பு, தன் ‘ருடி’ மசாலா, தானிய விற்பனைப் பெண்கள் கைத்தொலைபேசியிலேயே கட்டளைகளை அனுப்ப ஏற்பாடு செய்தது. சரக்கு எடுக்க நடையாய் நடக்கும் தொல்லை அதனால் குறைந்தது.

எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி சம்பூர் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை இலங்கை ஜனாதிபதியும் இந்தியப் பிரதமரும் கொழும்பில் இருந்தவாறே இணையவழியில் தொடக்கி வைத்தார்கள். நாட்டுத் தலைவர்கள் தூரத்திலிருந்து அடிக்கல் நாட்டலாம் என்றால், எங்கள் சிட்டையை மட்டக்களப்பிலிருந்து ஒரு பிள்ளை எழுதுவதில் என்ன வியப்பு?

கவனிக்க வேண்டியவை

நன்மைகளை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியல்ல. அனுபவத்தில் கண்ட சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும்.

வங்கி அட்டையின் இரகசிய இலக்கம், தொலைபேசிக்கு வரும் ஒருதடவைக் குறியீடு, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை ஆகிய மூன்றையும் எவரிடமும் கொடுக்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். காசு நேரே உங்கள் கணக்குக்கே வர வேண்டும். உதவியாளர் கணக்கு எழுதுவார், காசைத் தொட மாட்டார் என்பது எங்கள் விதி. இது அவரைச் சந்தேகிப்பதற்காக அல்ல. நாளை ஏதேனும் குறைந்தால் அவர் மீது பழி விழாமல் காப்பதற்காகவும்தான்.

முதல் மாதத்தைப் பரீட்சார்த்தமாக வையுங்கள். என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், கூலி எவ்வளவு, எந்தத் திகதியில் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கங்களை வேறு எவருக்கும் கொடுக்கக் கூடாது என்பதையும் அதில் சேருங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டுள்ளது.

கணக்கின் ஒரு பிரதி எப்போதும் உங்களிடம் இருக்கட்டும். மழைக் காலத்தில் மின்சாரமும் தொலைபேசிச் சமிக்ஞையும் போகும் நாட்கள் உண்டு. அன்றைக்குக் கொப்பிதான் துணை. எங்கள் பழைய கொப்பியை நாங்கள் இன்னும் கைவிடவில்லை.

இப்போது கடிதமும் பதிலும் தானே எழுதித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. எங்கள் தங்கச்சியும் ஆங்கிலக் கடிதத்துக்கு அவற்றைப் பயன்படுத்துகின்றார். ஆனால் மூன்று மாதம் காசு தராத கடைக்காரரின் வீட்டில் மரணம் நடந்திருப்பதை அறிந்து, அந்த வாரம் அவருக்கு நினைவூட்டல் அனுப்பாமல் விட்டது அந்தப் பிள்ளைதான். அந்த அறிவு செயலிக்கு வராது.

இரண்டு வீட்டுக்கு வெளிச்சம்

இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். நன்றாகப் படித்தும் நோயாளியைப் பராமரிப்பதாலோ, கைக்குழந்தையாலோ, மாற்றுத்திறனாலோ வீட்டோடு இருக்கும் பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களின் படிப்பு வீணாகின்றது. சிறுதொழில் செய்யும் நமக்கோ எழுத ஆளில்லை. இந்த இரண்டு குறைகளும் ஒன்றையொன்று தீர்க்கக் கூடியவை. எங்கள் பிள்ளை இப்போது இன்னும் இரண்டு இடங்களுக்கு இதே வேலையைச் செய்கின்றார். ஒன்று ஒரு தையல் நிலையம், மற்றது தயிர் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம். தகப்பனின் மருந்துச் செலவை அவரே பார்க்கின்றார்.

ஆனால் ஒன்று: வீட்டிலிருந்து செய்யும் வேலை என்பதால் அது ‘சும்மா உதவி’ ஆகிவிடாது. பெண்ணின் வேலையைக் கூலியில்லா வேலையாக எண்ணும் பழக்கத்துக்கு எதிராகப் பேசும் நாமே, இன்னொரு பெண்ணின் கூலியைப் பிற்போடலாகாது. மாதக் கடைசியில் கடன் தவணைக்கு எடுத்து வைப்பதுபோல் அவரது கூலியையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசி எடுக்காதீர்கள்.

சகோதரிகளே, தனியாக ஒருவரை வைக்க வசதியில்லையெனில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒருவரை அமர்த்துங்கள். மாதர் சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ இதற்கு முன்னின்று உதவலாம். அதற்கு முன் ஒரு வாரம், உங்கள் தொழிலில் சரக்குச் செய்வதைத் தவிர வேறு எதற்கெல்லாம் நேரம் போகின்றது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பைக் கூட்டிப் பார்த்தால், உங்களுக்கு ஒரு கிளாக்கர் தேவையா இல்லையா என்பதை அதுவே சொல்லிவிடும்.